பழைய செட்டுகளுக்கு விடை

அனலாக் வாக்கி டாக்கிகள் ஓய்வு பெறுகின்றன, டிஜிட்டல் கருவிகள் பொறுப்பேற்கின்றன. புதியதை வாங்குவதைவிடப் பழையதைக் கழிப்பதுதான் சிக்கலான வேலை.

மேஜையின் மீது வரிசையாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். கறுப்பு நிறம், அரைச் செங்கல் அளவு. ஆன்டெனாவின் ரப்பர் உறை வெடித்து உள்ளே கம்பிச் சுருள் தெரிகிறது. பேசுவதற்கு அழுத்தும் பொத்தானில் இருந்த வரிகள் பல வருடங்களாகப் பல கட்டைவிரல்கள் பட்டுத் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிய எண். கொக்கி உடைந்த சிலவற்றில் பேட்டரி கழன்றுவிடாமல் ரப்பர் பாண்ட் போட்டிருக்கிறார்கள். போலீஸ் ஒயர்லெஸ் பணிமனையானாலும் சரி, ரயில்வே தொலைத்தொடர்பு ஸ்டோரானாலும் சரி, இந்தக் காட்சியில் பெரிய வேறுபாடு இருக்காது. கமிட்டி கூடி 'பயனற்றவை' என்று கையெழுத்திடும்வரை அவை அங்கேயே காத்திருக்கும்.

இந்தக் கருவிக்கு ஒழுங்கான தமிழ்ப் பெயர் இல்லை என்பது மொழிபெயர்ப்பாளர்களின் பழைய தலைவலி. 'இருவழி வானொலி' என்று எழுதினால் வாசகர் ஆகாசவாணியை நினைத்துக்கொள்வார். 'கம்பியில்லாத் தந்தி' என்றால் மார்க்கோனி காலத்துக்குப் போய்விடுவார். உபயோகிப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அவர்களுக்கு அது 'செட்'. செட்டில் சொல்லு, செட்டில் கேள், செட்டை வை. அவ்வளவுதான்.

இந்தியாவில் செட்டின் கதை இரண்டாம் உலகப் போரின் மிச்சத்திலிருந்து தொடங்குகிறது எனலாம். 1940களில் அமெரிக்க ராணுவத்துக்காக மோட்டரோலா தயாரித்த முதல் வாக்கி டாக்கியை முதுகில் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். எடை ஏறக்குறைய 16 கிலோ. போர் முடிந்ததும் ராணுவத் தொழில்நுட்பம் சிவில் நிர்வாகத்துக்கு வந்தது. மாநிலப் போலீஸ் படைகளின் ஒயர்லெஸ் வசதிகளை ஒருங்கிணைக்க டெல்லியில் தனி இயக்ககம் அமைக்கப்பட்டது 1946ல்.

அதே 1946ல் ஒரிசாவில் (இன்றைய ஒடிசா) நடந்தது இன்னும் சுவாரசியமானது. ராணுவம் தன்னிடமிருந்த தூதுப் புறாக்களை மாநிலப் போலீசிடம் ஒப்படைத்தது. சாலையும் தந்தியும் எட்டாத மலை மாவட்டமான கோராபுட்டில் புறாப் பிரிவு செயல்படத் தொடங்கியது. 1948ல் சம்பல்பூருக்கு வந்திருந்த பிரதமர் நேரு, கட்டாக்கில் இருந்த அதிகாரிகளுக்கு ஒரு செய்தியைப் புறா மூலம் அனுப்பிவைத்ததாகப் போலீஸ் ஆவணங்கள் பெருமையோடு கூறுகின்றன. செய்தி ஐந்தரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிட்டதாம். பிறகு ஒயர்லெஸ் செட் கிராமப்புறக் காவல் நிலையங்கள்வரை போய்ச் சேர, புறாக்களுக்கு வேலை குறைந்தது. அந்த நாளில் புறாவை வீட்டுக்கு அனுப்பிய செட்டுக்கு இப்போது அதே கதி வந்திருக்கிறது.

ஏன் மாற்ற வேண்டும்? முதல் காரணம் ரகசியம். பழைய அனலாக் செட்டில் பேசுவது திறந்தவெளியில் உரக்கப் பேசுவதைப் போல. அதே அலைவரிசைக்குத் திருப்பக்கூடிய கருவி எவரிடம் இருந்தாலும் காதில் விழும். கடைத்தெருவில் மலிவாக ரேடியோ ஸ்கேனர்கள் கிடைக்கத் தொடங்கியபின் போலீசின் உரையாடலைக் கேட்பதற்குத் தனித் திறமை எதுவும் தேவைப்படவில்லை. டிஜிட்டல் செட்டில் குரல் எண்களாக மாற்றப்பட்டு, பூட்டுப் போடப்பட்டுச் செல்கிறது. தொலைந்த செட்டைத் தலைமை நிலையத்திலிருந்தே செயலிழக்க வைக்கலாம். யார் பேசுகிறார், எங்கே நிற்கிறார் என்பதையும் திரையில் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் இடநெருக்கடி. காற்றில் அலைவரிசைகளுக்கும் எல்லை உண்டு. டிஜிட்டல் கருவிகளில் பரவலாக உள்ள டி.எம்.ஆர். என்ற முறையில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே பாதையை நேரத்தால் இரண்டாகப் பிரிக்கிறார்கள். 30 மில்லிவிநாடி இவருக்கு, அடுத்த 30 மில்லிவிநாடி அவருக்கு. ஒருவர் பேசிய இடத்தில் இரண்டு பேர் பேசலாம், ஒருவரோடொருவர் மோதாமல்.

மூன்றாவது காரணம்தான் பணிமனைகளில் உண்மையில் வலிக்கும் காரணம். உதிரி பாகம் கிடையாது. மிகப் பழைய செட்டுகளில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனி குவார்ட்ஸ் படிகம் வேண்டும். அதற்குப் பின் வந்தவற்றைக் கம்ப்யூட்டரில் இணைத்து அலைவரிசைகளைப் பதிய வேண்டும். ஆனால் அந்த மென்பொருள் டாஸ் காலத்தது, புதிய கம்ப்யூட்டரில் ஓடாது. ஆகவே மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிவைத்திருப்பார்கள். பத்து செட்டைப் பிரித்து ஆறு செட்டை ஓட்டும் கலையில் நம் மெக்கானிக்குகளை மிஞ்ச ஆளில்லை என்றாலும் அதற்கும் ஒரு முடிவு உண்டு.

டெல்லியில் மாற்றம் கொஞ்சம் ஆடம்பரமாகவே நடந்தது. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை ஒட்டி டெட்ரா என்ற ஐரோப்பிய டிஜிட்டல் முறை தலைநகரின் பாதுகாப்புப் பணிகளுக்கு வந்தது. அதன் செலவு பற்றித் தணிக்கைத் துறை பின்னர் கேள்வி எழுப்பியது வேறு விஷயம். மற்ற இடங்களில் இது துண்டு துண்டாக, நிதி வரும் வேகத்தில் நடக்கிறது. ஒரே மாவட்டத்தில் டிஜிட்டலும் அனலாக்கும் அக்கம்பக்கத்தில் குடித்தனம் நடத்துவதும் உண்டு. இரண்டு முறையிலும் பேசும் கருவிகள் வந்துவிட்டதால் அது சாத்தியமாகிறது.

'ஆளுக்கொரு மொபைல் இருக்கும்போது செட் எதற்கு?' இந்தக் கேள்வியை நிதித்துறையில் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார். நியாயமான கேள்விதான். ஓட்டல்கள், ஷாப்பிங் மால்கள், தனியார் காவல் நிறுவனங்கள் பலவும் சிம் கார்டு போட்டுப் பொத்தானை அழுத்திப் பேசும் கருவிகளுக்குப் போய்விட்டன. மலை உச்சியில் ரிப்பீட்டர் வேண்டாம், அலைவரிசை உரிமத்துக்காக டெல்லிக்கு மனுப்போட வேண்டாம். மொபைல் டவர் நிற்கும்வரை எல்லாம் சுகம்.

டவர் எப்போது விழும் என்பதற்கு நம்மிடம் உதாரணங்கள் ஏராளம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மொபைல்கள் கையில் இருந்தன, பேசத்தான் முடியவில்லை. 2013 ஜூனில் கேதார்நாத்தில் வெள்ளம் டவரையும் சாலையையும் சேர்த்தே கொண்டுபோயிற்று. பக்கத்து மலையில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளவே பல நாட்கள் ஆயின. இரண்டு செட்டுகளுக்கு நடுவே டவர் வேண்டியதில்லை. எட்டும் தூரத்தில் இருந்தால் ஒன்றிலிருந்து நேராக மற்றொன்றுக்குப் போகும். அனலாக்கிலும் அப்படித்தான், நன்கு வடிவமைத்த டிஜிட்டலிலும் அப்படித்தான். சிம் கார்டு செட்டில் அது முடியாது. வாங்கும் கமிட்டிகள் கவனிக்க வேண்டிய வரி இது. விலைப்பட்டியலில் இரண்டும் 'வாக்கி டாக்கி' என்ற ஒரே பெயரில்தான் வரும்.

ஒரிசாவுக்கே திரும்புவோம். 1999 அக்டோபர் 29ல் கரையைக் கடந்த சூப்பர் புயலில் காற்றின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டியது. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர். தொலைபேசி போயிற்று, மின்சாரம் போயிற்று, ஒயர்லெஸ் கம்பங்களும் சாய்ந்தன. அப்போது கடலோரப் பகுதிகளுக்குச் செய்தி கொண்டுபோனவற்றில் போலீசின் புறாக்களும் உண்டு. 1982 வெள்ளத்தில் பாங்கி நகரம் துண்டிக்கப்பட்டபோதும் அவை பறந்திருந்தன. 'எதற்கு இன்னும் தீனி போட வேண்டும்?' என்று கேட்டவர்கள் கொஞ்சகாலம் மௌனமாக இருந்திருப்பார்கள். இணையம் வந்து பல்லாண்டுகள் ஆன பிறகும் கட்டாக்கில் நூற்றுக்கு மேற்பட்ட புறாக்களை ஒடிசா போலீஸ் பராமரித்துவருகிறது. பெரும்பாலும் சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற விழாக்களில்தான் அவற்றுக்கு வேலை.

அந்தமானில் 2004 டிசம்பரில் நடந்தது தற்செயல். ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் ரேடியோக் குழு, அரிதாகக் கிடைத்த அனுமதியோடு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. உலகெங்கும் உள்ள ஹாம் நண்பர்களோடு அந்தமானிலிருந்து பேசுவது என்ற பொழுதுபோக்குத் திட்டம்தான். 26ஆம் தேதி காலை பூமி அதிர்ந்து சுனாமி வந்தது. தொலைபேசிகள் ஓய்ந்த நிலையில், பொழுதுபோக்காகக் கொண்டுவந்த கருவிகள் தீவுகளுக்கும் தலைநிலத்துக்கும் இடையே உறவினர்களின் சேதிகளைச் சுமந்தன. இருபது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 30ல் வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபோதும் ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் கல்பெட்டாவில் நிலையம் அமைத்து மீட்புப் பணிக்கு உதவினார்கள். ஹாம்களில் கணிசமானோர் உபயோகிப்பது எளிய அனலாக் செட்டுகள்தான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இன்னொரு இழப்பு உண்டு, அது காது சம்பந்தப்பட்டது. அனலாக் செட்டில் தூரம் கூடக்கூட இரைச்சல் கூடும், குரல் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். அனுபவமுள்ள ஆபரேட்டர் அந்த இரைச்சலுக்குள் இருந்து ஒரு வண்டி எண்ணை, ஓர் ஊர்ப் பெயரைப் பொறுக்கி எடுத்துவிடுவார். பாதி கேட்டால் மீதியை யூகிப்பார். டிஜிட்டலில் அப்படி மெல்லத் தேய்வது கிடையாது. கடைசி எல்லைவரை துல்லியமாகக் கேட்கும், அதைத் தாண்டினால் சட்டென்று ஒன்றுமே கேட்காது. எல்லைக்கு அருகே வந்துவிட்டோம் என்று எச்சரிக்க இரைச்சல் இல்லை. புதிய கருவியைப் பிடித்திருப்பவர் அமைதியை 'எல்லாம் நலம்' என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

குரலும் மாறுகிறது. டி.எம்.ஆர். முறையில் மனிதக் குரல் விநாடிக்கு 3,600 பிட்டுகளுக்குள் சுருக்கப்படுகிறது, அதிலும் ஒரு பகுதி பிழைதிருத்தத்துக்குப் போய்விடும். வார்த்தை புரியும். ஆனால் பேசுகிறவர் ஓடிக்கொண்டு பேசுகிறாரா, பயந்திருக்கிறாரா, பின்னால் கூட்டம் கத்துகிறதா என்பது முன்போல் தெரியாது. அமெரிக்காவில் 2008 வாக்கில் தீயணைப்புப் படையினர் இதையே புகாராக எழுப்பினார்கள். எச்சரிக்கை மணிகளும் எந்திர ஓசையும் சூழ்ந்த இடத்தில் டிஜிட்டல் செட் குரலைச் சிதைக்கிறது என்று கூறினார்கள். தீயணைப்புத் தலைவர்கள் சங்கம் இதை ஆராயத் தனிக் குழுவே அமைத்தது. அதற்குப் பின் கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் திருவிழாக் கூட்டத்தில், தவிலுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே சோதித்துப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுப்பது விவேகமாகாது.

ரயில்வேயின் நிலை வேறு. டிரைவரும் கார்டும் (2022 முதல் கார்டுக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர்) 5 வாட் செட் வைத்திருக்கிறார்கள், ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜையில் 25 வாட் செட். நீளமான சரக்கு ரயிலின் இரு முனைகளிலும் இருக்கும் இரண்டு மனிதர்களுக்கு நடுவே இதுதான் பேச்சு. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ரயில்வேக்கு 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 5 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. அதில் எல்.டி.இ. முறையில் நவீன வலைப்பின்னல் அமைக்க மதிப்பீடு 25,000 கோடி ரூபாய்க்கும் மேல். ஐந்தாண்டில் முடியும் என்று அப்போது சொன்னார்கள். ரயில்வேயின் நீள அகலத்தை அறிந்தவர்கள் பழைய செட்டை அவசரப்பட்டுத் தூக்கி எறிய மாட்டார்கள்.

புலிகள் காப்பகங்களில் மொபைல் சமிக்ஞை இல்லாத முகாம்கள் உண்டு. ஒரு சோலார் தகடு, ஒரு பேட்டரி, ஒரு செட், இரண்டு மூன்று காவலர்கள். காலையும் மாலையும் ஒவ்வொரு முகாமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பதில் வராத முகாமுக்கு ஆள் போகும். அங்கே செட்டை மாற்றுவதென்றால் முதலில் இரண்டும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சேர்ந்து ஓட வேண்டும். இலை அடர்ந்த காட்டில் அலை போகும் தூரம் கோடையில் இருப்பதல்ல.

இனி கழிக்கும் விவகாரம். பழைய நாற்காலியை ஏலம் விடுவது போல் செட்டை ஏலம் விட முடியாது. 1933ஆம் வருட ஒயர்லெஸ் சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்தக் கருவியை வைத்திருப்பதே குற்றம். வீட்டு ரேடியோவுக்குத் தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கியது மூத்த வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது 1980களில் ஒழிந்தது. பேசக்கூடிய செட்டுகளுக்குக் கட்டுப்பாடு நீடித்தது. 2023ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்தபோதும் அடிப்படை மாறவில்லை. 2018ல் ஒரு சிறு சலுகை மட்டும் கிடைத்தது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ்வரை, குறைந்த சக்தியில் இயங்கும் சிறு செட்டுகளுக்கு உரிமம் தேவையில்லை. மற்றதற்கெல்லாம் தேவை. இது பொதுமக்களுக்குத் தெரியாததாலோ என்னவோ, எல்லா வகை வாக்கி டாக்கிகளும் இணையக் கடைகளில் பொம்மைகளைப் போல விலைபோயின. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பி, பின்னர் வழிமுறைகளையும் வெளியிட்டது.

இந்தப் பின்னணியில், அலைவரிசைகள் அழிக்கப்படாத ஒரு போலீஸ் செட் பழைய இரும்புக் கடைக்குப் போனால் என்ன ஆகும்? பேட்டரியை மாட்டி, பொத்தானை அழுத்தினால் பேசலாம். அதனால் ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் மாட்டிப் பதிவுகளைத் துடைக்க வேண்டும். திரை எரியாத, துடைக்கவே முடியாத செட்டென்றால் சர்க்யூட் பலகையை உடைத்துவிடுவதுதான் வழி. மேலே சொன்ன அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு இதுவே கடைசிப் பணி.

எதிர்த்திசையிலும் அபாயம் உண்டு. 2024 செப்டம்பர் 18ல் லெபனானில் நூற்றுக்கணக்கான வாக்கி டாக்கிகள் வெடித்தன. அவற்றின் மீது ஜப்பானின் ஐகாம் நிறுவனப் பெயர் இருந்தது. அந்த மாடலையும் அதற்கான பேட்டரியையும் 2014லேயே நிறுத்திவிட்டதாக நிறுவனம் தெரிவித்தது. தயாரிப்பு நின்றுபோன செட்டுக்குச் சந்தையில் 'ஒரிஜினல்' என்று கிடைக்கும் பேட்டரியும் உதிரியும் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி நம் பணிமனைகளுக்கும் பொருந்தும். கடைசி மூச்சுவரை செட்டை ஓட்டும் நம் சிக்கனத்தின் மறுபக்கம் அது.

பேட்டரிகள் தனிக் குவியல். பழைய செட்டுகளில் நிக்கல் காட்மியம். காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும் நச்சு. மண்ணில் கலந்தால் பயிரில் ஏறும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பெரிய அளவில் கருவிகளை உபயோகிக்கும் நிறுவனங்கள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கழிவுகளை ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. பேட்டரிக்கு 2022லேயே தனி விதி. ஆனால் டெல்லி சீலம்பூர் சந்துகளில் சிறுவர்கள் சர்க்யூட் பலகைகளைப் பிரித்துத் தாமிரம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு, விதிக்கும் குப்பைக்கும் இடையே உள்ள தூரம் தெரியும்.

இதையெல்லாம்விடக் கீழ்நிலை ஊழியர்களை உறங்கவிடாத விஷயம் பதிவேடு. ஒவ்வொரு செட்டுக்கும் எண் உண்டு, வாங்கிய கையெழுத்து உண்டு. கழிப்பதற்கு முன் கணக்கெடுக்கும்போது ஒன்று குறைந்தால், கடைசியாகக் கையெழுத்திட்டவர் யார் என்று தேடுவார்கள். கலவரத்தில் தொலைந்ததா, வெள்ளத்தில் போனதா, பன்னிரண்டு வருடத்துக்கு முன் இன்னொரு நிலையத்துக்குக் 'கைமாற்றாக'க் கொடுத்ததா? அப்போது இருந்த ரைட்டர் மாற்றலாகிப் போயிருப்பார். செட்டின் சந்தை மதிப்பு சில நூறு ரூபாய்கூட இராது. விசாரணைக் கோப்பு மட்டும் ஓய்வூதியம்வரை கூட வரலாம். செட்டை முழுதாகக் கொண்டுவர முடியாவிட்டாலும் எண் எழுதிய மேல்மூடியையாவது கொண்டுவந்து சேர்ப்பவர் புத்திசாலி.

மலை உச்சிகளில் இருக்கும் ரிப்பீட்டர்கள்தான் கடைசியாக அணையும். பழைய செட்டுகள் எல்லாம் கணக்கில் வந்தபின் ஒரு டெக்னீஷியன் ஏறிப்போய் ஃப்யூஸை உருவ வேண்டும். கம்பத்தையும், ஒவ்வொன்றும் இருபது முப்பது கிலோ கனக்கும் ஈய அமில பேட்டரிகளையும் கீழே இறக்க நான்கைந்து ஆட்கள் வேண்டும். புதிய செட்டுகளுக்கான டெண்டரில் இந்த இறக்குகூலிக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. இல்லையென்றால் அவை அங்கேயே கிடக்கும், அமிலம் கசிய.